பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் காமாலை: வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா? எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

வியாழக்கிழமை காலை பிரசவம். சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம். சனிக்கிழமை மதியம் டிஸ்சார்ஜ். பெங்களூருவிலோ, புனேவிலோ, குருகிராமிலோ இருக்கும் உங்கள் இரண்டு பெட்ரூம் பிளாட்டுக்குக் குழந்தையோடு வந்துவிட்டீர்கள். திங்கட்கிழமை காலை, ஜன்னல் ஓரம் தூக்கி வைத்துப் பார்க்கும்போது குழந்தையின் முகம் லேசாக மஞ்சளாகத் தெரிகிறது.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போகிறது. "இதெல்லாம் எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதான், காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டு, சரியாயிடும்" என்கிறார் அவர். மாமியார் "சர்க்கரைத் தண்ணி கொடு" என்கிறார். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் "என் பையனை மூணு நாள் லைட்ல வெச்சாங்க, உடனே ஹாஸ்பிடல் போ" என்று பயமுறுத்துகிறார். கூகுள் செய்தால் மூளை பாதிப்பு வரைக்கும் போய்விடுகிறது.

யார் சொல்வது சரி? எல்லோரும் கொஞ்சம் சரி, எல்லோரும் கொஞ்சம் தவறு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும் என்பது உண்மை. ஒரு சிறு பகுதிக் குழந்தைகளுக்கு, சில மணி நேரத் தாமதம்கூட வாழ்நாள் பாதிப்பை விட்டுச் செல்லும் என்பதும் உண்மை. உங்கள் குழந்தை இதில் எந்தப் பக்கம் என்பதை வெறும் கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிரச்சினையே அங்குதான் இருக்கிறது.

ஏன் வருகிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு வரும் மஞ்சள் காமாலையும் இதுவும் பெயரில்தான் ஒன்று. அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் போன்றதல்ல இது. குழந்தையிடமிருந்து யாருக்கும் தொற்றாது. கீழாநெல்லிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நம் உடலில் பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உருவாகிறது. கல்லீரல் அதைப் பக்குவப்படுத்தி, மலம் வழியாக வெளியே அனுப்புகிறது. வயிற்றில் இருந்தவரை, குழந்தைக்கான இந்த வேலையை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் உடலே செய்துகொண்டிருந்தது. பிறந்த பிறகு குழந்தையின் கல்லீரல் தனியாக வேலையைத் தொடங்க வேண்டும். ஆனால் அது முழுவேகம் எடுக்கச் சில நாட்கள் ஆகும். அதே நேரத்தில் பச்சிளம் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம். அவற்றின் ஆயுளும் நம்முடையதைவிடக் குறைவு. உற்பத்தி அதிகம், வெளியேற்றம் குறைவு. அதனால் பிலிருபின் தேங்கித் தோல் மஞ்சளாகிறது.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 60 சதவீதத்துக்கும், குறைமாதக் குழந்தைகளில் சுமார் 80 சதவீதத்துக்கும் முதல் வாரத்தில் ஓரளவாவது மஞ்சள் தெரியும் என்கின்றன மருத்துவ நூல்கள். பொதுவாக இரண்டாவது, மூன்றாவது நாளில் தொடங்கி, 3 முதல் 5 நாட்களுக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் குறைந்துவிடும். அம்மா சொன்ன "எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதான்" என்பதன் பின்னால் இருக்கும் உண்மை இது.

அப்புறம் ஏன் பயப்பட வேண்டும்?

பிலிருபின் அளவு மிக அதிகமாகப் போனால் அது மூளைக்குள் நுழைந்துவிடும். 'கெர்னிக்டரஸ்' என்று அழைக்கப்படும் இந்தப் பாதிப்பு நிரந்தரமானது. காது கேளாமை, கட்டுப்படுத்த முடியாத உடல் அசைவுகளுடன் கூடிய மூளை முடக்குவாதம், கண்ணை மேல்நோக்கி நகர்த்த முடியாமை ஆகியவை இதன் விளைவுகள். ஒருமுறை வந்துவிட்டால் சரிசெய்ய மருந்து கிடையாது.

ஆனால், வராமல் தடுப்பது மிக எளிது. ஒரு ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு நாள் நீல விளக்கு. இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய நிரந்தர மூளைப் பாதிப்புகள் மருத்துவத்தில் அதிகம் இல்லை. அப்படியிருந்தும் இந்தியாவில் இன்னும் குழந்தைகள் தாமதமாக வந்து சேர்கிறார்கள் என்றால், காரணம் மருத்துவத்தில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது.

யாருக்கும் சொந்தமில்லாத அந்த மூன்று நாட்கள்

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மருத்துவமனைப் பிரசவங்கள் 2015-16இல் சுமார் 79 சதவீதமாக இருந்து, 2019-21இல் சுமார் 89 சதவீதமாக உயர்ந்தன. பெரிய சாதனை இது. ஆனால் சுகப்பிரசவத்துக்குப் பிறகு தாயும் சேயும் பொதுவாக 48 மணி நேரம்தான் மருத்துவமனையில் இருக்கிறார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை. மஞ்சள் உச்சத்துக்குப் போவதோ 3 முதல் 5 நாட்களுக்குள். அதாவது, டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் இருக்கும்போது குழந்தை நன்றாக இருக்கும். ஆபத்து வருவது நீங்கள் மட்டும் இருக்கும்போது.

இந்த இடைவெளியை அடைக்க அரசிடம் ஒரு திட்டம் இருக்கிறது. வீடு சார்ந்த பச்சிளம் குழந்தை பராமரிப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில், ஆறு முறை வர வேண்டும். மூன்றாவது நாள் வருகை இந்த ஆபத்துக் காலத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் இந்த ஏற்பாடு முதன்மையாகக் கிராமங்களை மனதில் வைத்து வளர்ந்தது. வேலைக்காக வேறு மாநிலத்துக்கு வந்து, செக்யூரிட்டி கேட் போட்ட அப்பார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கும் உங்கள் கதவை ஆஷா தட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

வீட்டுக்குள்ளும் அதே நாட்களில் ஆள் குறைகிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் துறையில் தந்தைமை விடுப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் இல்லை, கம்பெனி கொடுப்பதுதான். பல அப்பாக்கள் சரியாக நான்காவது, ஐந்தாவது நாளில் லேப்டாப்பைத் திறக்கிறார்கள். தையல் வலியோடு, தூக்கமில்லாமல், பால் சரியாக வருகிறதா என்று தெரியாமல் இருக்கும் ஒருவர் மட்டுமே அப்போது குழந்தையின் நிறத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் முக்கியமான கேள்வியை டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்: "குழந்தையோட பிலிருபின் பார்த்தீங்களா? எவ்வளவு? எத்தனை மணி நேரத்துல எடுத்தது? மறுபடி எப்போ வரணும்?" அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதல், பிறந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள், அல்லது அதற்கு முன்பே டிஸ்சார்ஜ் என்றால் அதற்குள், எல்லாக் குழந்தைகளுக்கும் பிலிருபின் அளவைப் பார்க்கச் சொல்கிறது. நெற்றியிலோ நெஞ்சிலோ வைத்துப் பார்க்கும் சிறு கருவி பல மருத்துவமனைகளில் இருக்கிறது, ஊசி தேவையில்லை. அதில் அளவு அதிகம் எனத் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை செய்து உறுதிசெய்வார்கள்.

'14 இருக்கு' என்றால் என்ன அர்த்தம்?

லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்யும் தவறு, அந்த எண்ணை அக்கா பையனின் எண்ணோடு ஒப்பிடுவது. பிலிருபின் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம், எத்தனை வாரத்தில் பிறந்தது, ஆபத்துக் காரணிகள் உண்டா என்ற மூன்றோடு சேர்த்துத்தான் டாக்டர் அதைப் பார்ப்பார். பிறந்து 20 மணி நேரத்தில் 12 மில்லிகிராம் என்றால் அது தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம். அதே 12, ஐந்து நாள் ஆன, நன்றாகப் பால் குடிக்கும் நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் விளக்குச் சிகிச்சைகூடத் தேவைப்படாத அளவு.

ஆபத்துக் காரணிகள் எவை? குறைமாதப் பிறப்பு. அம்மா ஆர்எச் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ். அம்மா 'ஓ' குரூப், குழந்தை 'ஏ' அல்லது 'பி'. முந்தைய குழந்தைக்கு விளக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. பிரசவத்தின்போது தலையில் ஏற்பட்ட ரத்தக்கட்டு. பால் சரியாகக் கிடைக்காமல் எடை அதிகம் குறைவது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு.

இந்தக் கடைசிக் காரணியில் நம் வீடுகளுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. பச்சிளம் குழந்தைக்குப் பழைய, மெத்தென்ற துணி போடுவது நம் வழக்கம். பாட்டி பீரோவில் பத்திரப்படுத்திய அந்தத் துணிகளோடு அந்துருண்டையும் இருந்திருக்கும். பாச்சை உருண்டை என்றும் சொல்வார்கள். அதில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தையின் சிவப்பணுக்களை வேகமாக உடைத்துவிடும்; பிலிருபின் திடீரென ஏறும். உங்கள் குழந்தைக்கு இந்தக் குறைபாடு உண்டா என்று பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. எனவே அந்துருண்டை வைத்த துணி, போர்வை எதையும் குழந்தையிடம் கொண்டுவர வேண்டாம்.

வெயில்ல காட்டலாமா?

இந்த யோசனையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. விளக்குச் சிகிச்சையே வெயிலில் இருந்துதான் பிறந்தது. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர், குழந்தைகளைக் காற்றாட வெளியே கொண்டுபோவார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்திருப்பதையும், துணி மூடிய இடத்தில் அப்படியே இருப்பதையும் அவர் கவனித்தார். அதைத் தொடர்ந்து ரிச்சர்ட் கிரீமரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 1958இல் 'லான்செட்' இதழில் வெளியானது. இன்றைய நீல விளக்குகளின் தொடக்கம் அதுதான்.

சுமார் 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, தோலில் இருக்கும் பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது. கல்லீரல் பக்குவப்படுத்தாமலே அது மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. வெயிலில் இந்த ஒளி இருக்கிறது. கூடவே புற ஊதாக் கதிரும் வெப்பமும் இருக்கின்றன. பலன் கிடைக்கும் அளவுக்கு வெயில் வேண்டும் என்றால், குழந்தையைத் துணியில்லாமல் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் வைத்தால் தோல் பாதிக்கப்படும். உடல் சூடாகி நீர்ச்சத்து குறையும், அல்லது குளிர்காலமென்றால் உடல் குளிர்ந்துவிடும். பத்து நிமிடம் பால்கனியில் காட்டினால் பாதிப்பு பெரிதாக இருக்காது, பலனும் பெரிதாக இருக்காது.

நைஜீரியாவில் வெயிலைச் சிகிச்சையாகப் பயன்படுத்தி வெற்றி கண்ட ஆய்வு ஒன்று 2015இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. அதைப் படித்துவிட்டுச் சிலர் வெயிலுக்கு ஆதரவாகப் பேசுவதுண்டு. அங்கே பயன்படுத்தியது வடிகட்டிய வெயில். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தகடு பொருத்திய கூடாரம், குழந்தையின் உடல் வெப்பத்தைக் கண்காணித்த பணியாளர்கள், கூடவே ரத்தப் பரிசோதனை. நம் மொட்டை மாடி அதற்கு ஈடாகாது.

வெயிலின் உண்மையான ஆபத்து வேறு. "வெயில்ல காட்டிட்டுதான் இருக்கோம்" என்ற நிம்மதியில் டாக்டரிடம் போவது இரண்டு நாள் தள்ளிப்போகிறது. அந்த இரண்டு நாள்தான் முக்கியமான இரண்டு நாள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

லேசான மஞ்சள், டாக்டர் பார்த்து "வீட்டிலேயே கவனிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அப்படியானால் உங்கள் கையில் இருக்கும் சிறந்த மருந்து தாய்ப்பால். பிலிருபின் வெளியேறும் முக்கிய வழி மலம். பால் குடித்தால்தான் மலம் போகும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கொடுங்கள். மஞ்சள் ஏறும்போது குழந்தை சோர்ந்து தூங்கும். "தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்" என்று விடாமல், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுங்கள்.

பால் போதுமா என்பதை டயப்பர் சொல்லும். ஐந்தாவது நாளுக்குள் ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு முறை நன்றாகச் சிறுநீர் போக வேண்டும்; கருப்பாக இருந்த மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். போனில் ஒரு நோட் திறந்து பால், சிறுநீர், மலம் மூன்றையும் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். இரவில் இந்தக் கணக்கை அப்பா எடுத்துக்கொள்ளலாம்.

சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ், தேன், வெறும் தண்ணீர் எதுவும் வேண்டாம். அவை பிலிருபினைக் குறைக்காது. வயிற்றை நிரப்பிப் பாலைத்தான் குறைக்கும். தெருவில் விற்கும் கழுதைப் பாலும் வேண்டாம். காய்ச்சாத பாலில் கிருமி இருந்தால் பச்சிளம் குழந்தையின் உடல் தாங்காது. அம்மா மஞ்சள் தூள் சேர்த்த சாப்பாட்டைச் சாப்பிட்டதால் குழந்தை மஞ்சளாகாது. பிரசவித்தவருக்கு நல்ல சாப்பாடு வேண்டும், பத்தியம் போட்டுப் பட்டினி வேண்டாம். தாய்ப்பால்தான் காரணம் என்று நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

நிறத்தைப் பார்ப்பது எப்படி? பகல் வெளிச்சத்தில், நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியையும் ஈறையும் பாருங்கள். மஞ்சள் பொதுவாக முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். ஆனால் நம்முடைய மாநிறத் தோலில் அனுபவசாலி டாக்டர்களின் கண்ணே ஏமாறும். கண் சொல்வது சந்தேகத்தை எழுப்ப மட்டுமே. முடிவு செய்ய பரிசோதனைதான். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேட்பதும், நிறத்தை வைத்துக் கணிக்கும் செயலிகளும் ரத்தப் பரிசோதனைக்கு மாற்றாகாது.

வீட்டுக்கே நீல விளக்கு: நல்ல வழியா?

பெரிய நகரங்களில் விளக்குச் சிகிச்சைக் கருவியை வாடகைக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சேவைகள் வந்துவிட்டன. தாயையும் சேயையும் பிரிக்க வேண்டியதில்லை, செலவும் குறையலாம். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. மேலே சொன்ன 2022 வழிகாட்டுதல், ஏற்கெனவே வீடு திரும்பிய, குறைந்தது 38 வாரத்தில் பிறந்த, 48 மணி நேரம் கடந்த, நன்றாகப் பால் குடிக்கும், ஆபத்துக் காரணிகள் இல்லாத, இதற்கு முன் விளக்குச் சிகிச்சை பெறாத குழந்தைக்கு மட்டும் இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. பிலிருபின் அளவும் சிகிச்சை தொடங்க வேண்டிய வரம்பை 1 மில்லிகிராமுக்கு மேல் தாண்டியிருக்கக் கூடாது. எல்இடி கருவி தாமதமின்றிக் கிடைக்க வேண்டும், தினமும் ரத்தப் பரிசோதனை செய்ய வழி இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விளக்கு பட்ட தோல் வெளுத்துவிடும்; உள்ளே அளவு குறையாமலே குழந்தை சரியாகிவிட்டது போலத் தெரியும். எனவே தினசரிப் பரிசோதனை இல்லாத வீட்டு விளக்கு, சிகிச்சை ஆகாது. ஆன்லைனில் வாங்கிய நீல பல்பும் அறையில் எரியும் டியூப்லைட்டும் சிகிச்சை ஆகாது; சரியான அலைநீளமும் போதுமான ஒளி அளவும் இரண்டுமே வேண்டும். கருவி வந்தால், டயப்பரோடு மட்டும் குழந்தையைப் படுக்க வைத்துக் கண்ணை மூடும் பட்டை போட்டு, உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டு, பால் கொடுக்க மட்டும் வெளியே எடுங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிவது. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்குவது. எழுப்பினாலும் எழாமல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது. கீச்சென்ற வழக்கத்துக்கு மாறான அழுகை. உடல் துவண்டு போவது, அல்லது விறைத்து முதுகும் கழுத்தும் பின்னோக்கி வளைவது. காய்ச்சல். சிறுநீர் குறைந்துபோவது.

அழுகையும் வளைவும் மூளை பாதிக்கப்படத் தொடங்கியதற்கான அடையாளங்கள். நள்ளிரவாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளம் குழந்தைகளுக்குச் சிகிச்சை, பரிசோதனை, மருந்து, வாகனம் எல்லாம் இலவசம். பின்னர் இது ஒரு வயது வரை நீட்டிக்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் உள்ள சிறப்புப் பச்சிளம் குழந்தைப் பிரிவுகள் தினமும் கையாளும் பிரச்சினை இது. தனியாரில் பார்ப்பதாக இருந்தால், கம்பெனி இன்ஷூரன்ஸ் குழந்தையை முதல் நாளிலிருந்தே சேர்க்கிறதா என்று பிரசவத்துக்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேட்டு வையுங்கள். பாலிசிக்குப் பாலிசி இது மாறும்.

இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லையா?

நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளும், குறைமாதக் குழந்தைக்கு 21 நாளும் தாண்டி மஞ்சள் நீடித்தால் மறுபடியும் டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் தாய்ப்பாலோடு தொடர்புடைய, தீங்கில்லாத மஞ்சளாகவே இருக்கும். ஆனால் மலம் வெளிறி, சுண்ணாம்பு நிறத்தில் போனாலோ, சிறுநீர் டயப்பரில் அடர்மஞ்சள் கறை விட்டாலோ, அது பித்தநாளம் அடைபட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் மொத்த பிலிருபினோடு 'டைரக்ட்' பிலிருபினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பித்தநாள அடைப்புக்கான கசாய் அறுவை சிகிச்சை, குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் நடந்தால்தான் நல்ல பலன் தரும். "போகப் போகச் சரியாயிடும்" என்று இரண்டு மாதம் காத்திருந்தால் அந்தக் கதவு மூடத் தொடங்கிவிடும்.

ஆக, அம்மா சொன்னது தவறில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதுதான். அவர் காலத்தில் அளந்து பார்ப்பது இவ்வளவு எளிதாக இல்லாததால் வெயிலை நம்பினார்கள். உங்களுக்கு அளந்து பார்க்க வழி இருக்கிறது. பிரசவத்துக்குத் தயாராகும் பட்டியலில் தொட்டில், டயப்பர் பக்கத்தில் இன்னும் மூன்று வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: டிஸ்சார்ஜுக்கு முன் பிலிருபின் அளவு, மூன்றாவது அல்லது நான்காவது நாளுக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட், அந்த வாரம் முழுக்க அப்பாவுக்கு லீவு.